தற்செயலா, தொடர்பா? கிராம ஆய்வுகளுக்குக் கைவர்க்கச் சோதனை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமக் கூட்டத்தில், கட்டுக்கிணறு உள்ள வீடுகளில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவது குறைவு என்று சதவீதங்களை வாசித்துக் காட்டினேன். எல்லோரும் தலையசைத்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும் எழுந்து, "சுவாமி, போன வருஷம் எங்கட வீட்டில ரெண்டு பிள்ளையளுக்கு வந்தது. இந்த வருஷம் ஒண்டுக்குத்தான் வந்தது. நாங்கள் கிணறு கட்டயில்லை. அது சும்மா அப்பிடி அமைஞ்சதுதானே? நீங்கள் சொல்லுறதும் சும்மா அமைஞ்சதில்லை எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தச் சதவீதங்களை நம்பியே அடுத்த ஆண்டுக்கான பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்ய இருந்தோம்.

அந்த அம்மா கேட்ட கேள்வி, புள்ளிவிபரவியலின் முக்கியமான கேள்விகளில் ஒன்றாகும். இரண்டு விடயங்கள் ஒன்றாக நிகழ்வதைக் காண்கிறோம். அவற்றிடையே உண்மையில் தொடர்பு உண்டா, அல்லது அது தற்செயலா? இதற்கு விடை தேட உதவும் எளிய கருவியே கைவர்க்கச் சோதனை. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் தெரிந்த எவரும் இதனைச் செய்யலாம். இன்று கணினி ஒரு நொடியில் விடையைத் தந்துவிடும். ஆயினும், ஒரு முறையாவது கையால் செய்து பார்த்தவருக்கே அந்த விடையின் பொருள் விளங்கும்.

எப்போது இச்சோதனை பொருந்தும்?

உயரம், நிறை, வருமானம் போன்றவை அளந்து பெறப்படுபவை. இச்சோதனை அவற்றுக்கு உரியதன்று. வகைப்படுத்தி எண்ணப்படும் விடயங்களுக்கே அது உரியது. ஊசி போட்டவர் - போடாதவர், நோய் வந்தவர் - வராதவர், மலசலகூடம் உள்ள வீடு - இல்லாத வீடு, கடனைத் திருப்பிச் செலுத்தியவர் - செலுத்தாதவர் என்பன இத்தகையவை. ஒவ்வொரு ஆளையும் அல்லது வீட்டையும் இரண்டு விதமாக வகைப்படுத்தி, ஒரு அட்டவணையில் நிரப்புகிறோம். ஒரு வகைப்பாட்டை நிரைகளிலும் மற்றதை நிரல்களிலும் எழுதுகிறோம்.

"இவ்விரண்டும் ஒன்றையொன்று சாராதவை" என்பதே நாம் சோதிக்கும் கூற்று. இதனைச் சூனியக் கருதுகோள் என்பர். ஒருவர் எந்த நிரையில் இருக்கிறார் என்று அறிவதால், அவர் எந்த நிரலில் இருப்பார் என்பது பற்றி எதுவும் தெரியவராது என்பதே "சாராதவை" என்பதன் பொருள்.

ஒரு உண்மைக் கணக்கு: கல்கத்தா, 1894-96

கற்பனை எண்களைக் கொண்டு தொடங்காமல், வரலாற்றில் இடம்பெற்ற ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1884இல் ரொபேர்ட் கொக் கல்கத்தாவில் ஆய்வு செய்து, கொலராவை ஏற்படுத்தும் கிருமியை உறுதிசெய்தார். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய வல்டெமார் ஹவ்கின் அந்நோய்க்கு ஒரு தடுப்பூசியை உருவாக்கி, 1892இல் முதலில் தமது உடலிலேயே ஏற்றிச் சோதித்தார். 1893இல் அவர் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு முதல் கல்கத்தாவின் சேரிகளில், விரும்பி முன்வந்த மக்களுக்கு ஊசி போடப்பட்டது. அங்கு திரட்டப்பட்ட எண்ணிக்கைகளை, 1915இல் மேஜர் கிறீன்வூட், உட்னி யூல் என்னும் இரு பிரித்தானிய ஆய்வாளர் இச்சோதனைக்கு உட்படுத்தினர். ("மேஜர்" என்பது அவரது பெயரே, படைப் பதவியன்று.) அவ்வெண்கள் வருமாறு:

ஊசி போட்டவர்: நோய் வந்தோர் 3, வராதோர் 276, மொத்தம் 279
ஊசி போடாதவர்: நோய் வந்தோர் 66, வராதோர் 473, மொத்தம் 539
எல்லோரும்: நோய் வந்தோர் 69, வராதோர் 749, மொத்தம் 818

ஊசி போட்டவருள் 1.1 சதவீதத்தினருக்கும், போடாதவருள் 12.2 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்த அம்மாவின் கேள்வி இங்கும் எழும்: இது சும்மா அமைந்திருக்கலாம் அல்லவா?

புளியங்கொட்டை விளையாட்டு

இவ்விடத்தில் பயிற்சி வகுப்பில் செய்யக்கூடிய ஒன்றைக் கூறுகிறேன். 818 புளியங்கொட்டைகளை எண்ணி ஒரு பையில் இடுங்கள். அவற்றுள் 69க்குச் சிவப்பு மை பூசுங்கள். பையை நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் 279 கொட்டைகளை வெளியே எடுங்கள். எடுத்தவற்றுள் எத்தனை சிவப்பு?

சிவப்புக் கொட்டை நோய் வந்தவரைக் குறிக்கிறது. வெளியே எடுத்த கொட்டை ஊசி போட்டவரைக் குறிக்கிறது. பையைக் குலுக்கியதால் இவ்விரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இவ்விளையாட்டு காட்டுகிறது. பல முறை செய்தால் சில வேளை 20 சிவப்பு வரும், சில வேளை 27 வரும். பெரும்பாலும் 23, 24ஐ அண்டியே நிற்கும். மூன்று மட்டும் வருவதை உங்கள் வாழ்நாளில் காணமாட்டீர்கள். கைவர்க்கச் சோதனை, குலுக்கும் வேலை இல்லாமல் இதனையே கணக்காகச் செய்கிறது.

கணக்கு, படிப்படியாக

முதலாம் படி: தொடர்பு இல்லையெனில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேரை எதிர்பார்க்கலாம் என்று காண்போம். மொத்த 818 பேரில் 69 பேருக்கு நோய் வந்தது. ஊசியால் பயன் ஏதும் இல்லையென்றால், ஊசி போட்ட 279 பேரிலும் இதே விகிதத்தினருக்கு நோய் வந்திருக்க வேண்டும். ஆகவே விதி இதுதான்: நிரையின் மொத்தத்தை நிரலின் மொத்தத்தால் பெருக்கி, முழு மொத்தத்தால் பிரிக்க.

279 × 69 ÷ 818 = 23.53

மற்றைய மூன்று கட்டங்களையும் இதே விதியால் காணலாம். மொத்தங்களிலிருந்து கழித்தும் பெறலாம்:

ஊசி போட்டு நோய் வராதோர்: 279 − 23.53 = 255.47
ஊசி போடாமல் நோய் வந்தோர்: 69 − 23.53 = 45.47
ஊசி போடாமல் நோய் வராதோர்: 539 − 45.47 = 493.53

இரண்டாம் படி: ஒவ்வொரு கட்டத்திலும் அவதானித்த எண்ணிலிருந்து எதிர்பார்த்த எண்ணைக் கழிக்க. முதற் கட்டத்தில் 3 − 23.53 = −20.53. மற்றவற்றிலும் வேறுபாடு இதே 20.53தான், குறி மட்டும் மாறும். நான்கு கட்ட அட்டவணையில் எப்போதும் இவ்வாறே அமையும். அமையாவிட்டால் கணக்கில் எங்கோ பிழை உண்டு.

மூன்றாம் படி: வேறுபாட்டை வர்க்கிக்க. 20.53 × 20.53 = 421.48. கூட்டல், கழித்தல் குறிகள் ஒன்றையொன்று அழித்துவிடாமல் இருக்கவே வர்க்கிக்கிறோம்.

நான்காம் படி: ஒவ்வொரு வர்க்கத்தையும் அவ்வக் கட்டத்தின் எதிர்பார்த்த எண்ணால் பிரித்து, எல்லாவற்றையும் கூட்டுக.

421.48 ÷ 23.53 = 17.91
421.48 ÷ 255.47 = 1.65
421.48 ÷ 45.47 = 9.27
421.48 ÷ 493.53 = 0.85
கூட்டுத்தொகை = 29.68

இதுவே கைவர்க்கப் பெறுமானம். எதிர்பார்த்த எண்ணால் ஏன் பிரிக்கிறோம்? 24 பேரை எதிர்பார்த்த இடத்தில் 20 பேர் குறைவது பெரிய விடயம். 494 பேரை எதிர்பார்த்த இடத்தில் 20 பேர் குறைவது சிறிய விடயம். பிரித்தல் அந்த நியாயத்தைச் செய்கிறது. மேலே முதற் கட்டமே அதிக பங்களிப்பைச் செய்திருப்பதைக் கவனியுங்கள். ஆச்சரியம் எங்கே இருக்கிறது என்பதை அது சுட்டுகிறது.

29.68 பெரிதா, சிறிதா?

தொடர்பு ஏதும் இல்லாதபோதும் இப்பெறுமானம் சரியாகப் பூச்சியமாக வருவது அரிது. தற்செயலால் ஓரளவு வரும். எவ்வளவு வரை வரலாம் என்பதை அறிய முன்கூட்டியே கணிக்கப்பட்ட அட்டவணைகள் உண்டு. அவற்றை வாசிக்கச் சுயாதீனப் படிகளின் எண்ணிக்கை வேண்டும். நிரைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, நிரல்களின் எண்ணிக்கையிலும் ஒன்றைக் கழித்து, இரண்டையும் பெருக்கினால் அது கிடைக்கும். எமது அட்டவணையில் (2 − 1) × (2 − 1) = 1. இதன் பொருளை மேலே கண்டோம்: மொத்தங்கள் தெரிந்திருக்க, ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும், மற்றைய மூன்றும் தாமாகவே நிரம்பிவிடும். சுயாதீனமாக மாறக்கூடியது ஒரு கட்டம் மட்டுமே.

நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான பொருண்மை மட்டத்தில் எல்லைப் பெறுமானங்கள் இவை: ஒரு படிக்கு 3.84; இரண்டுக்கு 5.99, மூன்றுக்கு 7.81, நான்குக்கு 9.49. எமது பெறுமானம் எல்லையைத் தாண்டினால், "தொடர்பு இல்லை" என்ற கருதுகோளை நிராகரிக்கிறோம். தொடர்பு இல்லாதபோதும் தற்செயலாக எல்லையைத் தாண்டும் ஆபத்து நூற்றுக்கு ஐந்து உண்டு என்பதை அறிந்தே இம்முடிவை எடுக்கிறோம்.

29.68 என்பது 3.84ஐவிட மிகப் பெரிது. தொடர்பே இல்லாதிருந்தால் இத்தகைய பெறுமானம் அமைவதற்கான நிகழ்தகவு ஒரு கோடியில் ஒன்றிலும் குறைவு. ஆகவே கல்கத்தா வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

பெரியவர்களும் தவறிய இடம்

இச்சோதனையைக் கார்ல் பியர்சன் 1900இல் வெளியிட்டார். ஆனால் நான்கு கட்ட அட்டவணைக்கு மூன்று சுயாதீனப் படிகள் என்றே அவர் கொண்டார். மொத்தங்களும் அதே தரவிலிருந்தே பெறப்பட்டவை என்பதற்கு அவர் இடம் வைக்கவில்லை. கிறீன்வூட்டும் யூலும் 1915இல் இரண்டு விகிதங்களை நேரடியாக ஒப்பிட்டபோது ஒரு விடையும், பியர்சன் முறைப்படி வேறொரு விடையும் வந்தமை அவர்களைக் குழப்பியது. 1922இல் ரொனால்ட் பிஷரே படி ஒன்றுதான் என்று நிறுவினார்.

இது வெறும் பண்டிதர் சண்டையன்று. ஒரு ஆய்வில் கைவர்க்கப் பெறுமானம் 5 என்று வைத்துக்கொள்வோம். மூன்று படிகள் என்றால் அது தற்செயலாக வரும் நிகழ்தகவு நூற்றுக்கு 17. பயனுள்ள மருந்தையும் நாம் கைவிட்டுவிடுவோம். ஒரு படி என்றால் நூற்றுக்கு இரண்டரை. அதே மருந்தைக் கவனத்தில் எடுப்போம். எண்ணிக்கைகள் மாறவில்லை, அவற்றை வாசித்த விதமே மாறியது.

நான்கு எச்சரிக்கைகள்

1. ஆட்களை எண்ணுங்கள், சதவீதங்களை இட்டுக் கணக்கிடாதீர்கள். ஒருவர் ஒரு கட்டத்தில் ஒரு முறை மட்டுமே வரவேண்டும். ஒரே பிள்ளைக்கு மூன்று முறை வயிற்றோட்டம் வந்ததை மூன்று ஆட்களாக எழுதக்கூடாது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பானையில் உண்டு ஒரே தண்ணீரைக் குடிப்பவர்கள்; ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும். எனவே கிராம ஆய்வுகளில் பெரும்பாலும் வீட்டை ஓர் அலகாகக் கொள்வதே பாதுகாப்பானது.

2. எதிர்பார்க்கும் எண் எந்தக் கட்டத்திலும் ஐந்துக்குக் குறையாதிருப்பது நல்லது. கவனியுங்கள்: அவதானித்த எண் அல்ல, எதிர்பார்க்கும் எண். மேலேயுள்ள கணக்கில் அவதானித்தது 3 ஆனாலும், எதிர்பார்த்தது 23.53 என்பதால் தடையில்லை. கல்கத்தாவின் கட்டல் பகான் சேரியில் 1894இல் நடந்ததை இதனோடு ஒப்பிடுங்கள். அங்கு சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பின்னர் பத்துப் பேருக்கு நோய் வந்தது. பத்துப் பேரும் ஊசி போடாத 84 பேரைச் சேர்ந்தவர்கள். இங்கு 84 × 10 ÷ 200 = 4.2 என்பதால் கைவர்க்கம் அவ்வளவு நம்பகமானதன்று. இத்தகைய சிறிய கணக்கில் நிகழ்தகவை நேரடியாகவே காணலாம். பத்து நோயாளரும் தற்செயலாக அந்த 84 பேருள் அடங்க வேண்டுமானால், முதலாமவருக்கு 84/200, இரண்டாமவருக்கு 83/199, மூன்றாமவருக்கு 82/198 என்று பத்துப் பின்னங்களையும் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று. பிஷர் வகுத்த நுண்மைச் சோதனையின் சாரம் இதுவே.

3. கைவர்க்கப் பெறுமானம் தொடர்பின் வலிமையைக் காட்டுவதில்லை. வலிமையை அறியச் சதவீதங்களையே பார்க்க வேண்டும். 12.2க்கு எதிராக 1.1 என்றால் பதினொரு மடங்கு வேறுபாடு. அறிக்கையில் இரண்டையும் எழுதுங்கள்.

4. தொடர்பு வேறு, காரணம் வேறு. கல்கத்தாவில் ஊசி போட்டவர்கள் தாமாக முன்வந்தவர்கள். அவர்கள் ஓரளவு வசதியும் சுத்தமான தண்ணீரும் உள்ளவர்களாக இருந்திருந்தால், நோயைத் தடுத்தது ஊசியா, தண்ணீரா? இதனை ஹவ்கினும் உணர்ந்திருந்தார். ஆகவே ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே தண்ணீரைக் குடித்தவர்களுள் ஊசி போட்டவரையும் போடாதவரையும் ஒப்பிட முயன்றார். கிறீன்வூட்டும் யூலும் இதையே நிபந்தனையாக வலியுறுத்தினர்: இரு பகுதியினரும் முக்கியமான எல்லா வகையிலும் ஒத்தவர்களாகவும், நோய்க்கு ஒரே அளவில் ஆளாகக்கூடியவர்களாகவும் இருக்க வேண்டும். இதனை எந்தச் சூத்திரமும் எமக்காகச் செய்து தராது. ஆய்வைத் தொடங்கு முன்னரே திட்டமிட வேண்டும்.

மீண்டும் கிணற்றடிக்கு

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். பயிற்சிக்காக மட்டும் சில கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். 100 வீடுகள் உள்ள ஒரு கிராமம். கட்டுக்கிணறு உள்ள 40 வீடுகளில் 10இல் கடந்த மாதம் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தது. இல்லாத 60 வீடுகளில் 21இல் வந்தது. அதாவது 25 சதவீதம், 35 சதவீதம். கூட்டத்தில் வாசித்தால் கைதட்டுக் கிடைக்கும்.

கணக்கைச் செய்து பாருங்கள். கட்டுக்கிணறு உள்ள வீடுகளில் எதிர்பார்ப்பது 40 × 31 ÷ 100 = 12.4. வேறுபாடு 2.4, வர்க்கம் 5.76. நான்கு கட்டங்களின் எதிர்பார்ப்புகள் 12.4, 27.6, 18.6, 41.4. பிரித்துக் கூட்டினால் கைவர்க்கம் 1.12. இது 3.84ஐ எட்டவில்லை. குலுக்கிய பையிலிருந்தும் இத்தகைய வேறுபாடு இலகுவாக வரும். அந்த அம்மாவின் ஐயம் நியாயமானதே.

அப்படியானால் கிணறு பயனற்றதா? இல்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "தொடர்பு நிறுவப்படவில்லை" என்பதும் "தொடர்பு இல்லை" என்பதும் ஒன்றல்ல. இதே சதவீதங்கள் 400 வீடுகளில் வந்திருந்தால் கைவர்க்கம் நான்கு மடங்காகி 4.49 ஆகும், எல்லையைத் தாண்டிவிடும். 100 வீடுகள் என்பது இக்கேள்விக்குப் போதாத சாட்சி என்பதே சரியான முடிவு. அயற்கிராமங்களையும் சேர்த்து எண்ண வேண்டும், அல்லது இன்னும் சில மாதங்கள் பார்க்க வேண்டும். அதுவரை கிணறு கட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. சுத்தமான தண்ணீர் நல்லது என்பதற்கு வேறு சான்றுகள் நிறைய உண்டு. ஆனால் "எமது கிராமத்தில் நிரூபித்துவிட்டோம்" என்று எழுதக்கூடாது.

புள்ளிவிபரம் என்பது பணம் தருபவரைத் திருப்திப்படுத்தும் அலங்காரம் அல்ல. எண்ணப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர் இருக்கிறார்கள். ஊசி போட்டும் நோய் வந்த மூவர் என்று நாம் எழுதிய அந்த 3, மூன்று வீடுகளின் துயரம். அவர்களைப் பற்றிப் பொய்யாக ஒன்றும் சொல்லாதிருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை. பின்வரிசையில் எழுந்து கேள்வி கேட்பவருக்கு அடுத்த முறை, "இதோ கணக்கு, நீங்களே பாருங்கள்" என்று சொல்லக்கூடியவர்களாவோம்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் கிராமத்தில் "இதனால்தான் இது" என்று எல்லோரும் சொல்லும் ஒரு விடயத்தைத் தெரிவுசெய்யுங்கள். அதனை நான்கு கட்ட அட்டவணையாக எழுத, எந்த வீடுகளில் என்னென்ன கேட்க வேண்டும்?

2. தையல் பயிற்சி பெற்றவர்கள் கடனை ஒழுங்காகச் செலுத்துகிறார்கள் என்று ஒரு சங்கம் கூறுகிறது. கைவர்க்கம் 3.84ஐத் தாண்டியும் உள்ளது. பயிற்சியே காரணம் என்று சொல்லலாமா? பயிற்சிக்கு யார் தெரிவுசெய்யப்பட்டார்கள் என்பதையும் ஆராய்க.

3. மேலேயுள்ள கட்டுக்கிணற்றுக் கணக்கை அதே சதவீதங்களுடன் 200 வீடுகளுக்குச் செய்து பாருங்கள். (விடை: 2.24, எல்லையை எட்டாது.) எத்தனை வீடுகளுக்கு மேல் எல்லையைத் தாண்டும் என்று காணுங்கள்.